விண்வெளிக்குப் போகவிருந்த வாயாடி

அந்தக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில், நடைபாதை முடிகிற இடத்தில், ஜன்னல் இல்லாத ஓர் அறை இருந்தது. கதவில் 'மாற்றியமைப்புப் பிரிவு' என்று ஒரு பலகை. பிரிவு என்றதும் பத்துப் பதினைந்து பேர் இருப்பார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. இருந்தது ஒருத்திதான். பதினான்கு வருஷமாக அங்கே உட்கார்ந்திருந்த அவளைக் கட்டடத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முதுகுக்குப் பின்னால் 'கழட்டி'. நேரில் வரும்போது மரியாதைக்கு ஓர் அம்மா சேர்ந்துகொள்ளும். "கழட்டியம்மா, நல்லா இருக்கீங்களா?"

பெயர் சும்மா வந்துவிடவில்லை. விண்வெளி நிலையத்தில் ஆறு மாதம் எட்டு மாதம் தங்குகிறவர்களுக்கும் முடி வளரும், பாட்டுக் கேட்கத் தோன்றும், பிள்ளைகளின் படத்தைப் பார்க்க ஆசை வரும். அதற்கென்று யாரும் தனித் தொழிற்சாலை கட்டிக்கொண்டிருப்பதில்லை. கடைத்தெருவில் எல்லோரும் வாங்குகிற அதே ஷேவிங் மெஷின், அதே ஹெட்போன், அதே கேமரா, அதே லேப்டாப்தான் மேலே போகிறது. போவதற்கு முன்னால் அவளுடைய மேசைக்கு வரும். அவள் கழட்டுவாள். பேட்டரியை எடுத்துவிட்டு நிலையத்து மின்சாரத்தில் ஓடுகிற மாதிரி ஒயர் இழுப்பாள். கண்ணாடி இருந்தால் உடைந்தாலும் சிதறாதபடி மேலே ஒரு தாளை இழுத்து ஒட்டுவாள். கையைக் கிழிக்கிற விளிம்பை அரம் வைத்துத் தேய்ப்பாள். கடைசியில் அதை ஒரு மூடிய டப்பாவுக்குள் போட்டு மூன்று நாள் சூடாக்கி, அது என்னென்ன நாற்றத்தைக் கக்குகிறது என்று பார்ப்பாள். ஜன்னலைத் திறந்து காற்று வாங்க முடியாத வீடு அல்லவா அது.

இத்தனை வருஷத்தில் அவளுக்கு மனிதர்கள் மீது இருந்த மரியாதை கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துபோய்விட்டது. பொருளின் பெட்டியில் ஒன்று எழுதியிருக்கும், உள்ளே வேறொன்று இருக்கும். 'வைரம் போன்ற உறுதி' என்று போட்டிருந்த கேமராவைத் திறந்தால் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டிருப்பது ஒரு துண்டு டேப்பாக இருக்கும். 'நீருக்கு அஞ்சாதது' என்ற கடிகாரத்துக்குள் ரப்பர் வளையமே போட மறந்திருப்பார்கள். பெட்டியை வாசித்துவிட்டு அவள் ஒருமாதிரி சிரிப்பாள். அந்தச் சிரிப்பைக் கேட்டால் பக்கத்து அறைக்காரர்கள், "இன்னிக்கு எவனோ மாட்டினான்" என்பார்கள்.

வீட்டில் இதற்கெல்லாம் மதிப்பு கிடையாது. கணவர் நகரப் பேருந்து ஓட்டுகிறவர். நாள் முழுக்க மனிதர்களின் கூச்சலைக் கேட்டுவிட்டு வருகிற அவருக்கு, ஒரு பொருளின் மீது ஒருத்திக்கு இவ்வளவு கோபம் எப்படி வரும் என்று புரிந்ததே இல்லை. நாத்தனார் புருஷன் கதையோ வேறு. கடைத்தெருவில் எலக்ட்ரானிக்ஸ் கடை வைத்திருந்த அவர், இவளுக்கு அண்ணன் முறை. தங்கை விண்வெளிக்குப் பொருள் அனுப்புகிற இடத்தில் வேலை செய்கிறாள் என்பதை அவர் வியாபாரத்தில் ஒரு சொட்டும் சிந்தாமல் பயன்படுத்திக்கொண்டார். டார்ச் லைட்டிலிருந்து கொசு அடிக்கும் மட்டை வரை எல்லாவற்றின் மேலும் 'விண்வெளித் தரம்' என்று ஒரு சீட்டை ஒட்டியிருந்தார்.

"அண்ணே, விண்வெளில ஏதுண்ணே கொசு?" என்று அவள் ஒருநாள் கேட்டாள்.

"அதான் தங்கச்சி, இந்த மட்டை அங்க போனதுக்கு அப்புறம் இல்ல" என்றார் அவர், முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழாமல்.

அந்த வருஷம் மழைக்காலம் முடிகிற சமயத்தில் இயக்குநர் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். இயக்குநரின் அறைக்கு நான்கு ஜன்னல்கள். அதில் ஒன்றின் ஓரமாக, முழங்கால் தெரிய காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு, வெள்ளை வெளேர் என்ற ஷூவோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். பேர்பெற்ற ஒரு நிறுவனத்தின் விளம்பரத் தலைவர். அந்த ஷூவைத் தவிர அவரிடம் நினைவில் வைத்துக்கொள்ள எதுவும் இல்லாததால், கழட்டி அன்றிலிருந்து அவரை வெள்ளை ஷூ என்றே வைத்துக்கொண்டாள்.

மேசை நடுவில் ஊறுகாய் ஜாடி உயரத்துக்கு ஒரு பொருள் இருந்தது. உடம்பு முழுக்கச் சாம்பல் நிறத் துணி. தலையைச் சுற்றி நீல விளக்கு. இடுப்பில் தங்க நிறப் பட்டை, அதில் 'இனியா' என்ற எழுத்து.

"பேசும்" என்றார் இயக்குநர், தன் பிள்ளையைக் காட்டுகிற மாதிரி. "கேள்வி கேட்டா பதில் சொல்லும். அடுத்த பயணத்துல மேல போகுது. நம்ம ஆய்வுக்கு இவங்க பெரிய அளவுல உதவுறாங்க. பத்து வாரம்தான் இருக்கு. நீங்க பார்த்து முடிச்சுக் குடுத்துடணும்."

கழட்டி ஜாடியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். அடியில் வரிசையாக ஓட்டைகள். தலையில் வரிசையாக ஓட்டைகள். நடுவில் ஒன்றும் இல்லை.

"மேல இது எதுக்குங்க?" என்றாள்.

"பேச்சுத் துணைக்கு" என்றார் வெள்ளை ஷூ. "தனிமை, மேடம், தனிமை. விண்வெளில மனுஷனுக்குப் பெரிய பிரச்சினையே அதுதான். இனியா அன்பா பதில் சொல்லுவா."

"அந்த அன்பு எங்க இருந்து வருது?"

"இன்டர்நெட்ல இருந்து."

"மேல இன்டர்நெட் பாதி நேரம் இருக்காது. இருக்கிறப்பவும் இதுக்குத் தர மாட்டாங்க. அவங்களுக்கு வேற வேலை இருக்கு."

வெள்ளை ஷூ அந்தக் கேள்விக்காகவே வந்தவர்போலச் சிரித்தார். "யோசிச்சாச்சு மேடம். பன்னிரண்டு கேள்விக்குப் பதிலை உள்ளேயே பதிஞ்சு வெச்சிருக்கோம். அந்தப் பன்னிரண்டைக் கேட்டா போதும்."

"அந்தப் பன்னிரண்டு என்னன்னு மேல போறவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மனப்பாடம் பண்ணிப்பாங்க."

அவள் இயக்குநரைப் பார்த்தாள். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"ஒரு விஷயம் மட்டும்" என்றார் வெள்ளை ஷூ. "வெளித்தோற்றத்துல கை வைக்கக் கூடாது. அந்தப் பட்டை, விளக்கு, துணி எல்லாம் அப்படியே இருக்கணும். எங்க டிசைன் ஆளுங்க மூணு வருஷம் உக்காந்து பண்ணது."

"மூணு வருஷமா? எழுந்திரிக்கவே இல்லையா?"

இயக்குநர் இருமினார். அத்தோடு அந்தக் கூட்டம் முடிந்தது.

அறைக்கு வந்து கதவைச் சாத்தியதும் முதல் வேலையாக அதற்கு வாயாடி என்று பெயர் வைத்தாள். பிறகு துணியை உரித்து, திருகாணிகளைக் கழற்றி, உள்ளே பார்த்தாள். அவள் நினைத்தது சரி. விசிறி இல்லை. உள்ளே இருக்கிற சில்லு சூடாகும். சூடான காற்று தலையில் உள்ள ஓட்டை வழியாக மேலே போகும். அடியில் உள்ள ஓட்டை வழியாகக் குளிர்ந்த காற்று உள்ளே வரும். அடுப்புக்கு மேல் புகைபோக்கி வைக்கிற அதே யோசனை. வீட்டு அலமாரியில் வைத்தால் பத்து வருஷம் பழுதில்லாமல் ஓடும். ஆனால் விண்வெளி நிலையத்தில் எடை என்ற ஒன்று கிடையாது. எடை இல்லாவிட்டால் சூடான காற்று மேலே போகாது. மேலே என்பதே அங்கே கிடையாது. சூடு அந்த ஜாடியைச் சுற்றியே போர்வை மாதிரி சுருண்டு படுத்துக்கொள்ளும்.

அதைத் தரையில் காட்டுவதற்கு ஒரு வழி இருந்தது. காற்றை உறிஞ்சி எடுக்கிற ஒரு பெட்டிக்குள் வாயாடியை வைத்துப் பெரும்பாலான காற்றை வெளியேற்றினாள். எடை இருந்தாலும் மேலே போவதற்குக் காற்று இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். முதல் பத்து நிமிஷம் ஒன்றும் ஆகவில்லை. இருபதாவது நிமிஷத்தில் ஐம்பத்தெட்டு டிகிரி. முப்பத்தைந்தில் எழுபத்தொன்று. அப்போது நீல விளக்கு மஞ்சளாக மாறியது. ஒயர் வழியாக அவள் காதில் மாட்டியிருந்த ஹெட்போனில், தேனும் பாலும் கலந்த ஒரு பெண் குரல் கேட்டது:

"எனக்குக் கொஞ்சம் ஓய்வு தேவை."

கழட்டிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடுத்த நொடி விழுந்து விழுந்து சிரித்தாள். பதினான்கு வருஷத்தில் ஓர் இயந்திரம் தன் வாயாலேயே தன் குறையை ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை. பெட்டியைத் திறந்தபோது தங்கப் பட்டையின் பசை இளகி, எரிந்த ரப்பர் நாற்றம் அறை முழுக்க அடித்தது. மூன்று நாள் டப்பா சோதனைக்கு அவசியமே இல்லை என்று தோன்றியது. இருந்தாலும் செய்தாள். அதிலும் தோற்றது.

அவள் செய்த தவறு அதற்குப் பிறகுதான். அறிக்கை எழுத உட்கார்ந்தாள். எண்களை மட்டும் எழுதியிருக்கலாம். எழுபத்தொன்று டிகிரி, அனுமதிக்கப்பட்டது நாற்பத்தைந்து, தகுதியில்லை, கையெழுத்து. நாலு வரி. ஆனால் வெள்ளை ஷூவின் முகம் கண்முன் வந்து நின்றது. கை சும்மா இருக்கவில்லை. 'இந்தப் பொருள் தன் பெயரைத் தவிர வேறு எதையும் உருப்படியாகச் சொல்வதில்லை' என்று ஆரம்பித்தாள். 'இதை அனுப்புவது என்று முடிவானால், கூடவே ஒரு விசிறியையும், விசிறிவிட ஓர் ஆளையும் அனுப்பும்படி பரிந்துரைக்கிறேன். அந்த ஆள் விளம்பரப் பிரிவைச் சேர்ந்தவராக இருப்பது நல்லது' என்று முடித்தாள். எண்களைப் பின்னிணைப்பில் போட்டாள். திரும்பப் படித்துப் பார்த்தாள். தனக்குத்தானே ஒரு சபாஷ் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் மதியம் இயக்குநர் அதை அவள் மேசையில் வீசினார். அவர் அந்த அறைக்கு வந்தது அதுவரை இரண்டே தடவை.

"இது என்ன அறிக்கையா, கிண்டல் பத்திரிகையா?"

"பின்னிணைப்பைப் பாருங்க சார். எழுபத்தொண்ணு."

"பின்னிணைப்பை யாரு பார்ப்பா? முதல் பக்கத்தைப் பார்த்தாலே உங்களுக்கு இந்த நிறுவனத்து மேல தனிப்பட்ட வெறுப்புன்னு தெரியுது. வெறுப்புல எழுதினதை நான் பாதுகாப்புக் குழுவுக்கு அனுப்ப முடியாது. தொனியை மாத்தி எழுதிக் குடுங்க."

கதவு வரை போனவர் திரும்பி நின்றார். "என்னத்தைக் கழட்டினாலும் வாயை மட்டும் மாட்டியே வெச்சுக்கங்க" என்றார்.

அவள் மாற்றி எழுதினாள். மூன்று நாள் ஆயிற்று; பாதி கோபத்தில், பாதி வேறு வேலையில். எண்கள் மட்டும் இருந்த அந்த அறிக்கையைக் கொடுக்கப் போனபோது இயக்குநரின் உதவியாளர் அவளிடம் ஒரு தாளைக் காட்டினார். முந்தின நாளே இனியாவுக்கு 'சிறப்பு விதிவிலக்கு' கொடுத்தாகிவிட்டது. 'சோதனை அறிக்கை கிடைக்காத நிலையில்' என்று அதில் ஒரு வரி. இயக்குநரின் கையெழுத்து வளைந்து நெளிந்து அழகாக இருந்தது.

அன்று வீட்டில் அவள் தட்டுகளை வைத்த சத்தத்திலேயே கணவர் விஷயத்தைத் தெரிந்துகொண்டார்.

"உன் மேலயும் தப்பு இருக்கு" என்றார்.

"என் மேல என்ன தப்பு? எழுபத்தொண்ணு எழுபத்தொண்ணுதானே?"

"இல்லங்கல. பஸ்ல ஒருத்தன் டிக்கெட் இல்லாம ஏறுறான்னு வெச்சுக்க. டிக்கெட் எங்கன்னு கேட்டா இறங்கித்தான் ஆகணும். நீ அவன் சட்டையை நக்கல் பண்ற. அப்புறம் சண்டை சட்டையைப் பத்தி ஆயிடுது. டிக்கெட்டை எல்லாரும் மறந்துடுறாங்க."

அவளுக்கு ஆத்திரமாக வந்தது. அவர் சொன்னது சரியாக இருந்ததுதான் காரணம்.

அடுத்த வாரம், அந்தப் பயணத்தில் மேலே போகவிருந்த விண்வெளி வீராங்கனை வந்தாள். மேலே போகிறவர்கள் தாங்கள் தொடப்போகிற பொருள்களை ஒருமுறை கையில் எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது விதி. நாற்பதை நெருங்கிய, ஒல்லியான, எப்போதும் சிரித்த முகமாக இருக்கிற பெண். சுவரொட்டிகளில் பார்த்துப் பார்த்துக் கழட்டிக்கு அந்தச் சிரிப்பின் மேல் ஏற்கெனவே ஒரு சலிப்பு இருந்தது. வீராங்கனை முதலில் முடிவெட்டும் மெஷினை எடுத்தாள். கழட்டி அதன் தலையில் ஒரு குழாயைப் பொருத்தியிருந்தாள். வெட்டிய முடி காற்றில் மிதந்து கண்ணிலும் மூக்கிலும் போகாமல் அந்தக் குழாய் உறிஞ்சிக்கொள்ளும். நாத்தனார் புருஷன் கடையில் இருப்பதிலேயே மலிவானது அது. வீராங்கனை தலையாட்டினாள். பிறகு வாயாடியை எடுத்தாள். சுற்றும் முற்றும் பார்த்தாள்.

"ஒண்ணு கேக்கலாமா? உங்க வீட்டுல, படுக்கிற ரூம்ல, இதை வைப்பீங்களா?"

"எங்க நாத்தனார் வீட்டுல வைப்பேன்" என்றாள் கழட்டி.

வீராங்கனை வாய்விட்டுச் சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் கழட்டி நேராகவே சொன்னாள். "சூடாகும். நாறும். விதிவிலக்குல வருது. ஆனா மேல போறவங்க ஒரு பொருளை வேண்டாம்னு எழுதிக் குடுத்தா விதிவிலக்கு செல்லாது. அந்தத் தாள் இதோ இருக்கு. பேனா வேணுமா?"

வீராங்கனை அந்தத் தாளைப் பார்த்தாள். எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று கழட்டி மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தாள். பிறகு தாளை மடிக்காமல் மேசையிலேயே விட்டுவிட்டு, "யோசிச்சுச் சொல்றேன்" என்று சுவரொட்டிச் சிரிப்பைச் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். சொல்லவில்லை. பன்னிரண்டு கேள்விகளையும் அவள் மனப்பாடம் செய்துவிட்டதாக இரண்டு நாள் கழித்து உதவியாளர் சொன்னார். இத்தனை உயரம் போகிறவளுக்கு ஒரு தாளில் கையெழுத்துப் போடத் தைரியம் இல்லை என்று கழட்டி அன்று முழுக்கப் பொருமினாள்.

வழியனுப்பு விழா ஒரு திங்கட்கிழமை காலையில் நடந்தது. பெரிய மண்டபம், நாற்காலிக்கெல்லாம் வெள்ளை உறை, கேமராக்காரர்கள் ஒரு கூட்டம். மேடை நடுவில் ஓர் உயரமான பீடம். அதன் மேல் விண்கலத்தின் மூக்கு மாதிரி கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக்கில் ஒரு கூண்டு. கூண்டுக்குள் வாயாடி, நீல விளக்கு எரிய. நான்கு பக்கமிருந்தும் மேடை விளக்குகள் அதன் மேல் பாய்ந்துகொண்டிருந்தன.

கழட்டி உள்ளே வந்ததும் கூண்டைச் சுற்றிப் பார்த்தாள். அடியில் பீடத்தோடு பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். ஓர் ஊசி நுழைய இடமில்லை. அவளுக்கே ஒரு நிமிஷம் பாவமாகத்தான் இருந்தது. வெள்ளை ஷூவைத் தேடிப்போய்ச் சொன்னாள்.

"காத்துப் போக வழியே இல்லீங்க. பின்பக்கம் ரெண்டு ஓட்டை போடச் சொல்லுங்க. இல்ல, நிகழ்ச்சி வரைக்கும் அதை அணைச்சாவது வைங்க."

"அணைச்சா விளக்கு எரியாது. ஓட்டை போட்டா போட்டோல தெரியும்." அவர் அவள் தோளுக்கு மேலாக வேறு யாருக்கோ கையசைத்தார். "நீங்க உங்க வேலையை முடிச்சாச்சு மேடம். போய் நிம்மதியா உக்காருங்க."

அவள் கடைசி வரிசையில் போய் நிம்மதியாக உட்கார்ந்தாள். ஒரு தடவை சொல்லியாயிற்று. இரண்டாவது தடவை சொல்ல அவளுக்கு யாரும் சம்பளம் கொடுக்கவில்லை.

வரவேற்புரை பத்து நிமிஷம். இயக்குநர் பதினைந்து நிமிஷம். பிறகு சிறப்பு விருந்தினர் எழுந்தார். தனிமையைப் பற்றி அவர் பேசிய பேச்சைக் கேட்டபோது அங்கிருந்த எல்லோருக்குமே கொஞ்சம் தனியாக இருந்தால் தேவலை என்று தோன்றியது. கழட்டி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். விழா ஆரம்பித்த முப்பத்தெட்டாவது நிமிஷத்தில் அவர் உட்கார்ந்தார். விளக்கு இன்னும் நீலமாகத்தான் இருந்தது. 'பரவாயில்லையே, தாங்குதே' என்று நினைத்தாள்.

வீராங்கனை கூண்டின் அருகே வந்து நின்றாள். வெள்ளை ஷூ ஒலிவாங்கியைக் கூண்டோடு சேர்த்துப் பிடித்தார். முதல் கேள்வி எல்லோருக்கும் தெரிந்ததுதான், அழைப்பிதழிலேயே அச்சடித்திருந்தார்கள்.

"இனியா, பூமி எப்படி இருக்கு?"

'பூமி அழகாக இருக்கிறது, உங்களையே நினைத்துக்கொண்டிருக்கிறது' என்று வரவேண்டும். நீல விளக்கு மஞ்சளாயிற்று.

"எனக்குக் கொஞ்சம் ஓய்வு தேவை."

வெள்ளை ஷூ கண்ணைக் காட்டினார். வீராங்கனை இன்னும் தெளிவாக, குழந்தையிடம் கேட்பதுபோலக் கேட்டாள். "இனியா, பூமி எப்படி இருக்கு?"

"எனக்குக் கொஞ்சம் ஓய்வு தேவை. நன்றி" என்றது வாயாடி. விளக்கு அணைந்தது. இடுப்பிலிருந்த தங்கப் பட்டை, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அவசரமே இல்லாமல் கீழே வழுக்கிக் காலடியில் போய் நின்றது. பின் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அது கழட்டி இல்லை. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். பிறகு மண்டபமே சிரித்தது. பதறிப்போன வெள்ளை ஷூ இரண்டு ஆட்களைக் கூப்பிட்டுக் கூண்டைப் பிடுங்கி எடுக்கச் சொன்னார். எடுத்த வேகத்தில் உள்ளே அடைந்துகிடந்த நாற்றம் முதல் வரிசைக்கு இறங்கியது. சிறப்பு விருந்தினர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்தவர் திரும்பி வரவில்லை.

அன்று மாலையே விதிவிலக்கு ரத்தானது. வாயாடி மேலே போகவில்லை.

நியாயப்படி பார்த்தால் கதை இங்கே முடிந்து, எவனெவன் எதற்கெதற்கு வெட்கப்பட வேண்டுமோ வெட்கப்பட்டிருக்க வேண்டும். நடந்தது வேறு. அந்த இரண்டு நிமிஷக் காட்சியை யாரோ போனில் எடுத்து அனுப்ப, அது ஊர் உலகமெல்லாம் பரவியது. ஜனங்களுக்கு அந்தக் குரல் பிடித்துப்போயிற்று. அலுவலகங்களில், பள்ளிக்கூடங்களில், வேலை சொன்னவுடன் ஆளாளுக்கு "எனக்குக் கொஞ்சம் ஓய்வு தேவை" என்றார்கள். இனியா முன்பைவிட மூன்று மடங்கு விற்றது. நிறுவனம் அந்த வசனத்தைச் சட்டையில் அச்சடித்து விற்றது. வெள்ளை ஷூவுக்குப் பதவி உயர்வு கிடைத்தது. எல்லாம் திட்டமிட்டே நடந்தது என்று அவர் பேட்டி கொடுத்தார்.

நாத்தனார் புருஷன் போன் செய்தார். "தங்கச்சி, அந்த ஓய்வு கேக்கிற பொட்டி நம்மகிட்ட முப்பது இருந்துச்சு. ஒண்ணுகூட மிச்சமில்ல."

"அண்ணே, அது சோதனைல தோத்த பொருள்."

"அதேதான் சொல்லி வித்தேன். விண்வெளிக்கே வேண்டாம்னு சொன்ன பொருள்னு."

அவள் போனை வைத்துவிட்டாள்.

இயக்குநர் அதையெல்லாம் மிஞ்சினார். ஒரு பத்திரிகைக்கு அவர் சொன்னது: 'எங்கள் சோதனை முறை மிகக் கடுமையானது. எத்தனை பெரிய நிறுவனமானாலும் நாங்கள் சமரசம் செய்துகொள்வதில்லை. எழுபத்தொன்று டிகிரி என்பதை நான்தான் முதலில் கவனித்தேன்.' பின்னிணைப்பை யாரும் பார்ப்பதில்லை என்றவர் அதை மனப்பாடமாக ஒப்பித்திருந்தார். அந்தப் பக்கத்தைக் கத்தரித்து யாரோ அறிவிப்புப் பலகையில் குத்தியிருந்தார்கள். கழட்டி ஒவ்வொரு நாளும் அதைக் கடந்து போகும்போது நின்று ஒரு தடவை வாசித்துவிட்டுப் போவாள். ஒரு வாரம் கழித்து அதுவும் சலித்துவிட்டது.

புறப்பாட்டுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது வீராங்கனை மறுபடி அந்த அறைக்கு வந்தாள். முடிவெட்டும் மெஷின் மேலே மக்கர் செய்தால் தானே திறந்து சரிசெய்யக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றாள். அதற்குத் தனியாக ஒரு கையேடு இருந்தது. அவள் வந்தது அதற்கு இல்லை என்று கழட்டிக்குத் தெரிந்தது. நாற்காலியைக் காட்டாமல் வேலையைத் தொடர்ந்தாள்.

"அன்னிக்கு அந்தத் தாள்ல நான் கையெழுத்துப் போட்டிருக்கணும்" என்றாள் வீராங்கனை.

"ஆமா."

"போட்டா என்னை மாத்திட்டு வேற ஆளை அனுப்பிடுவாங்களோன்னு தோணுச்சு. பதினொரு வருஷமா இதுக்காகக் காத்துக்கிட்டு இருக்கேன். பயந்துட்டேன். வேற காரணம் எதுவும் இல்ல."

கழட்டி நிமிர்ந்து பார்த்தாள். அந்த முகத்தில் சுவரொட்டிச் சிரிப்பு இல்லை. தூக்கம் கெட்ட ஒரு சாதாரணப் பெண்ணின் முகம்தான் இருந்தது. நாக்கு நுனியில் தயாராக நின்ற மூன்று பதில்களும் திடீரென்று ருசியில்லாமல் போயின. கடந்த இரண்டு மாதத்தில் இந்த விஷயத்தில் தன் தப்பைத் தானே வாயால் சொன்ன மனிதப் பிறவி இது ஒன்றுதான். தான்கூடத் தன் தப்பைச் சொல்லவில்லை என்பதும் அவளுக்கு ஞாபகம் வந்தது.

"நான் எண்களை மட்டும் எழுதிக் குடுத்திருந்தா, அந்தத் தாள் உங்க கைக்கு வரவேண்டிய அவசியமே இருந்திருக்காது" என்றாள். "நான் கதை எழுதினேன்."

"படிச்சேன். உதவியாளர் காட்டினாரு. விசிறிவிட ஒரு ஆள்..." வீராங்கனைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நல்லாத்தான் இருந்துச்சு."

"நல்லா இருந்து என்ன பிரயோஜனம்? உக்காருங்க."

நாற்காலியை இழுத்துப் போட்டாள். முடிவெட்டும் மெஷினை அவள் முன்னால் வைத்து, சின்ன ஸ்க்ரூ டிரைவரைக் கையில் கொடுத்தாள். வீராங்கனை முதல் ஆணியைக் கழற்றினாள். இரண்டாவதைக் கழற்றும்போதே மூடியை அவசரப்பட்டு நெம்ப, உள்ளே இருந்த ஸ்பிரிங் 'டிங்' என்று எகிறி எங்கோ விழுந்தது. இரண்டு பேரும் மேசைக்கு அடியில் குனிந்து தேடினார்கள்.

"இங்க கீழ விழுது, தேடுறோம்" என்றாள் கழட்டி, முழங்காலில் நின்றபடி. "அங்க இது விழாது. நேரா உங்க கண்ணைப் பார்த்து வரும். நெம்புறதுக்கு முன்னாடி விரலை மேல வெச்சு அமுக்கணும்னு கையேட்டுல படம் போட்டு எழுதியிருக்கு. பார்த்தீங்களா?"

"கையேட்டை இன்னும் படிக்கல."

"பதினொரு வருஷம் காத்திருந்தீங்க. அதுல ஒரு அரை மணி நேரம் கிடைக்கலையா?"

ஸ்பிரிங் அலமாரியின் காலடியில் கிடந்தது. கழட்டி அதை எடுத்து ஊதி, மெஷினுக்குள் பொருத்தி, இரண்டு ஆணிகளையும் திரும்ப முடுக்கிவிட்டு, மெஷினை மறுபடியும் அவள் பக்கம் தள்ளினாள்.

"முதல்ல இருந்து" என்றாள். "என் மூஞ்சியைப் பார்க்காதீங்க. கையைப் பாருங்க."